மன்னார்குடிக்கு ஒன்றரை நாள்

சான் ஹோசே, கலிபோர்னியா
ஜூன் மாதம்

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

அம்மா காய்ச்சலில் ஒரு வாரம் படுத்திருந்த செய்தி, குணமான பிறகு தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. "அவ்வளவு தூரத்தில் இருப்பவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?" என்றீர்களாம். அந்தத் தூரம் எவ்வளவு என்று விவரமாக எழுதுகிறேன்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,000 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ 13,600 கிலோமீட்டர். பசிபிக் கடலை விமானம் ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறது. சிங்கப்பூரிலிருந்து இங்கே 15, 16 மணி நேரம். இங்கிருந்து அங்கே 17 மணி நேரத்துக்கு மேலும் ஆகும். விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பெருங்காற்று ஓடிக்கொண்டிருப்பதுதான் காரணம். ஊருக்கு வரும்போது அது எதிர்க்காற்று. நடுக்கடலில் தேதிக்கோடு வேறு, அதைத் தாண்டினால் தேதி ஒரு நாள் மாறிவிடும். சிங்கப்பூரில் செவ்வாய் காலை ஏறினால் இங்கே அதே செவ்வாய் காலை இறங்கலாம். திரும்பும்போது அந்த ஒரு நாள் கைவிட்டுப் போய்விடும்.

மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையம் போவது, சிங்கப்பூரில் காத்திருப்பது, திருச்சியில் இறங்கித் தஞ்சாவூர் வழியாக வருவது எல்லாம் சேர்த்தால் ஒன்றரை நாள். அதுவும் டிக்கெட் உடனே கிடைத்தால். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாலு நாள், கடைமடைக்கு மேலும் எத்தனை நாள் என்று விரல்விட்டுச் சொல்பவர் நீங்கள். திறந்த அன்றே தகவல் தெரிந்தால்தானே அதற்கேற்ப வேலையைத் தொடங்குவீர்கள்? எனக்கும் அப்படித்தான் அப்பா. ஒன்றரை நாளை என்னால் குறைக்க முடியாது. அதன்மேல் நீங்கள் ஒரு வாரத்தை ஏற்றாதீர்கள்.

நேரம் பார்க்கவும் வேண்டாம். அங்கே காலை ஆறு என்றால் இப்போது எனக்கு முந்தின நாள் மாலை ஐந்தரை. நவம்பரில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுவார்கள், அப்போது நாலரை. நள்ளிரவானாலும் கூப்பிடுங்கள்.

சென்ற மாதம் சேக்ரமெண்டோ பள்ளத்தாக்குப் பக்கம் போயிருந்தேன். நம்மூர்போலவே கனத்த களிமண், கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் கட்டிய வயல். ஊறவைத்த விதைநெல்லைச் சிறு விமானத்தில் ஏற்றித் தாழப் பறந்து தூவுகிறார்கள். ஊறிய விதை கனமாக இருப்பதால் மிதக்காமல் அடியில் தங்கிவிடுகிறது. நாற்றங்காலும் இல்லை, நடவும் இல்லை. கோடையில் மழையே கிடையாது. மலைப்பனி உருகி அணையில் தேங்கிய தண்ணீர்தான். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நடவுக்கு ஆள் தேடி நீங்கள் அலைவதுதான் நினைவுக்கு வந்தது.

அம்மாவின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படமெடுத்து இன்றே அனுப்பும்படி தங்கையிடம் சொல்லுங்கள். டாக்டர் மறுபடி எப்போது வரச் சொன்னார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்