‘இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்’ என்பதை நம்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டு விற்பனையாளரிடம் இணையத்தில் பொருள் வாங்கி ஏமாறுகிறவர்களில் பலருக்குப் பணம் திரும்பக் கிடைக்க வழி இருக்கிறது. கெடு தேதியைத் தவறவிடுவதால்தான் அது கைநழுவிப் போகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கும் பெரும்பாலான பொருள்களை, கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இந்தியாவின் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், இந்திய வாடிக்கையாளர்களுக்கு முறையாக விற்றுவரும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும். புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்கின்றன. பெரிய தளங்களிடம் இது எடுபடும். ஒரு இணைய முகவரி மட்டுமே வைத்திருக்கும் கடையிடம் இதைக் காட்டி ஒன்றும் வாங்க முடியாது. அங்கே நமக்குக் கைகொடுப்பது பணம் போன வழி மட்டுமே.

விசா, மாஸ்டர்கார்டு விதிகளின்படி, கார்டில் கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பக் கோரும் ‘சார்ஜ்பேக்’ முறைக்குப் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. பொருள் வரவில்லை என்றால், வந்து சேர்ந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ண வேண்டும். அதனால் ஆர்டர் செய்த அன்றே, அந்தத் தேதி காட்டும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பேபால் என்ற இணையவழிப் பணம் செலுத்தும் சேவையில், பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள். ஆனால் அதற்குள் இன்னொரு கெடு இருக்கிறது. விற்பனையாளருடனான தகராறைத் தொடங்கிய 20 நாளுக்குள், பேபாலே முடிவு சொல்லும்படி அதைக் கோரிக்கையாக உயர்த்தாவிட்டால் அது தானாக மூடிக்கொள்ளும். மறுபடி திறக்க முடியாது. ‘நண்பர்கள், குடும்பத்தினர்’ என்ற வகையில் அனுப்பிய பணத்துக்கு இந்தப் பாதுகாப்பே கிடையாது. அப்படி அனுப்பினால் விலை குறைப்பதாகச் சொல்லும் விற்பனையாளரை அந்த இடத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

இந்தக் கெடுக்களெல்லாம் மோசடி விற்பனையாளருக்கு அத்துப்படி. பார்சல் சுங்கத்தில் நிற்கிறது என்பார், விடுமுறைக் காலம் என்பார், இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள் என்பார். புகாரை மூடினால்தான் பணம் அனுப்ப முடியும் என்றும் சொல்வார். பணம் கணக்கில் ஏறும்வரை எதையும் மூடக்கூடாது. பல விற்பனையாளர்கள் கடை போட்டிருக்கும் சந்தைத் தளங்களில் ‘பொருள் கிடைத்தது’ என்ற பொத்தானையும், பொருளைப் பிரித்து இயக்கிப் பார்க்கும்வரை அழுத்தக்கூடாது. பல தளங்கள் அதன் பிறகுதான் விற்பனையாளருக்குப் பணத்தை விடுவிக்கின்றன.

அடிக்கடி நடக்கும் ஒரு தந்திரத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு கிலோ எடையுள்ள துளையிடும் இயந்திரத்துக்குப் பணம் கட்டியிருப்பீர்கள். வருவது ஒரு மெல்லிய உறை, உள்ளே ஒரு பிளாஸ்டிக் மோதிரம். கோபத்தில் ‘பொருள் வரவில்லை’ என்று புகார் போட்டால் தோற்றுப்போவீர்கள். டிராக்கிங் எண்ணில் ‘டெலிவரி ஆனது’ என்று இருக்கும். விற்பனையாளர் அதைக் காட்டி முடித்துவிடுவார். ‘விவரித்தபடி இல்லை’ என்ற வகையில்தான் போட வேண்டும். உறையைத் தூக்கி எறியாதீர்கள். முகவரிச் சீட்டும் சுங்க அறிவிப்பும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து, வந்த பொருளை உறையோடு சேர்த்துத் தராசில் வைத்து எடை தெரியும்படி இன்னொரு படம் எடுங்கள். இரண்டு கிலோ இயந்திரம் 30 கிராம் உறைக்குள் வந்திருக்க முடியாது என்பதை விளக்க வேறு வாதமே தேவையில்லை. எதுவுமே வராமல், உங்கள் ஊரிலேயே வேறு முகவரிக்குப் பார்சல் போயிருந்தால், எந்த முகவரியில் கொடுத்தோம் என்பதைக் கூரியர் நிறுவனத்திடம் மின்னஞ்சலிலாவது எழுதி வாங்குங்கள். இங்கே ‘வரவில்லை’ என்பதுதான் சரியான வகை.

அடுத்து பேரம் வரும். முதலில் 15 சதவீதம் தருகிறோம் என்பார்கள், பிறகு 30 என்பார்கள். ஒப்புக்கொண்டால் விவகாரம் அத்துடன் முடிந்தது. மறுத்தால், ‘திருப்பி அனுப்புங்கள், முழுப் பணமும் தருகிறோம்’ என்பார்கள். அஞ்சல் செலவு பல நேரம் பொருளின் விலையைத் தாண்டும். இதற்குப் பதில் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். திருப்பித் தர முயன்றதற்கான சான்றை வங்கி கேட்கும். முழு முகவரியையும் யார் செலவு என்பதையும் எழுத்தில் கேளுங்கள். அனுப்புவதானால் டிராக்கிங் எண்ணுடன்தான் அனுப்ப வேண்டும். சுங்கப் படிவத்தில் ‘திருப்பி அனுப்பப்படும் பொருள்’ என்று குறிப்பிட வேண்டும். இல்லையென்றால் விற்பனையாளரின் நாட்டில் சுங்கத் தீர்வை விழலாம், அதைச் சாக்காக வைத்து விற்பனையாளர் பார்சலை வாங்க மறுப்பார்.

தீர்வையைக் குறைத்துத் தருகிறேன் என்று விற்பனையாளர் ‘அன்பளிப்பு’ என்றோ குறைந்த விலையோ எழுதுவதையும் ஏற்காதீர்கள். சுங்கத்தில் பிடிபட்டால் சிக்கல் வாங்கியவருக்குத்தான். பார்சல் தொலைந்தாலும் எழுதிய விலைக்கு மேல் இழப்பீடு எதிர்பார்க்க முடியாது.

பல நாட்டு நுகர்வோர் அமைப்புகள் சேர்ந்து நடத்தும் ஈகன்சூமர் தளத்தில் புகார் பதியலாம். அது பணத்தை மீட்டுத் தராது. மோசடிக்காரரைப் பின்தொடர அதிகாரிகளுக்கு உதவும்.

வங்கிகளிடம் ஒரு வேண்டுகோள். ‘ஓடிபி போட்டது நீங்கள்தானே, ஒன்றும் செய்ய முடியாது’ என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் ஊழியர்கள் இருக்கிறார்கள். ஓடிபி போட்டது, ‘இந்தப் பணத்தை நான் செலுத்தவில்லை’ என்று சொல்பவருக்குத்தான் தடை. ‘நான்தான் செலுத்தினேன், பொருள் வரவில்லை’ என்பது வேறு வகைப் புகார். அதற்கு ஓடிபி குறுக்கே நிற்காது. அந்த வகையில் விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டு, தேதியிட்ட ஒப்புகை கொடுக்க வங்கிகள் தங்கள் ஊழியர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்