மே மாதத்திலேயே வந்துவிடு

இராயபுரம்,
மார்ச் 8.

அன்பு மகளுக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. இங்கு நானும் அப்பாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

விடுமுறைக்கு மே மாதம் வருவதா, வெயிலுக்குப் பயந்து டிசம்பருக்குத் தள்ளிப்போடுவதா என்று இருவரும் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சென்ற வாரம் தொலைபேசியில் சொன்னாய். "உங்கள் வசதிப்படி செய்யுங்கள்" என்று அப்பா முடித்துவிட்டார். அவர் எதற்கும் அப்படித்தான் சொல்வார். மனத்துக்குள் பேரனும் பேத்தியும் நாளைக்கே வரமாட்டார்களா என்று இருக்கும். எனக்கு இதில் திட்டமான கருத்து உண்டு. தொலைபேசியில் பேசினால் பாதியில் பிள்ளைகள் பிடுங்கிக்கொள்வார்கள் என்பதால் எழுதுகிறேன்: மே மாதத்திலேயே வாருங்கள்.

வெயிலைப் பற்றி உன்னிடம் மறைத்துப் பேசப் போவதில்லை. மே 4-ஐ ஒட்டித் தொடங்கும் கத்திரி வெயில் அந்த மாதக் கடைசி வரை வாட்டும் என்பது நீ அறியாததன்று. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானபோது நீ இந்த வீட்டில்தான் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாய். ஆனால் கடலை ஒட்டியிருக்கும் நமக்கு ஒரு சலுகை உண்டு. தரை சூடேறிக் காற்று மேலெழும்பியதும், நடுப்பகலுக்குச் சற்றுப் பின்னர் கிழக்கேயிருந்து கடற்காற்று உள்ளே வந்துவிடும்; வந்தால் அன்றைய நாள் பிழைத்தது. மேற்குக் காற்று வலுத்து அதைத் தடுத்து நிறுத்தும் நாட்களில்தான் தொல்லை. அந்த நாட்களில் மாலை வரை அனல் அடங்காது, இரவில் மணலிப் பக்கத்து ஆலைகளின் நெடியும் சேர்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட நாட்களுக்கென்றே அப்பா நடு அறையில் ஏசி பொருத்தியிருக்கிறார். எனக்கு அதில் விருப்பமில்லை. சாயங்காலம் மொட்டை மாடித் தரையில் நான்கு வாளித் தண்ணீர் ஊற்றி, சூடு தணிந்தபின் பாய் விரித்துக் கொசுவலை கட்டிப் படுப்பதற்கு அது ஈடாகாது என்பதே என் எண்ணம். எனினும் சின்னவளுக்கு வேர்க்குரு வரும் என்று நீ கவலைப்படுவாய் என்பதால் நான் வாய் திறக்கவில்லை.

டிசம்பர் குளிராகவும் வசதியாகவும் இருக்கும் என்று மாப்பிள்ளை நினைக்கிறார். கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் குடிலும் பார்க்க அழகுதான். ஆனால் மழை நம் பகுதியை எப்படி நடத்தும் என்பதை அவர் நேரில் கண்டதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ரயில்கள் ரத்தாயின, தெருக்களில் தண்ணீர் நாட்கணக்கில் நின்றது, எண்ணூர்க் கழிமுகப் பக்கத்து வீடுகளுக்குள் வெள்ளத்தோடு எண்ணெயும் புகுந்தது. ஆண்டுதோறும் அப்படி நடப்பதில்லை. ஆனாலும் பயணச்சீட்டு வாங்கிய நாள் முதல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வெயில் அப்படி ஏமாற்றாது.

இனி மாப்பிள்ளை ஆசைப்படும் வஞ்சிர மீனுக்கு வருகிறேன். அது கிடைப்பது அரிது என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் அது. நீ பள்ளியில் படித்தபோது 45 நாட்களாக இருந்த தடையை 2017-இல் நீட்டித்தார்கள். தடை நாட்களில் காசிமேட்டுத் துறைமுகத்தில் படகுகள் நெருக்கியடித்து நிற்கும்; பலகை மாற்றுவார்கள், வண்ணம் பூசுவார்கள், வலை பின்னுவார்கள். மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்குகிறது என்பதால் கேரளத்திலிருந்தும் மங்களூரிலிருந்தும் ஐஸில் புதைந்த வஞ்சிரம் லாரியில் வந்து இங்கே இரட்டிப்பு விலைக்கு விற்கும். அந்த மீனை நான் வாங்குவதில்லை. விலையைப் பார்த்து மட்டுமன்று. செவுளைத் தூக்கிப் பார்த்தாலே அதன் வயது தெரிந்துவிடுகிறது.

ஆனால் தடை என்பது பெரிய படகுகளுக்குத்தான். ஃபைபர் படகில் கரையோரமாகப் போய்வருகிறவர்கள் விடியற்காலையில் கொண்டுவரும் நெத்திலியும் கானாங்கத்தையும் காரப்பொடியும் நவரையும் மே மாதத்தில்தான் தலைநிமிர்ந்து விற்பனையாகும். மற்ற மாதங்களில் வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் பின்னால் ஒதுங்கிக் கிடக்கும் மீன்கள் அவை. கூடைக்கார அம்மா இன்னும் ஏழு மணிக்கெல்லாம் நம் வாசலில் கூடையை இறக்குகிறார். பிள்ளைகள் கண் விழித்து வந்து அந்தக் கூடையைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. உங்கள் ஊரில் மீன் கண்ணாடிப் பெட்டிக்குள் துண்டுகளாகவே இருக்கிறது என்று சொன்னாயே. முழு மீனைக் கண்டால் சின்னவள் என்ன சொல்வாளோ தெரியவில்லை.

நெத்திலி கிடைக்கும் காலமும் புளிப்பு மாங்காய் கிடைக்கும் காலமும் ஒன்றாக வருவது மே மாதத்தில்தான். நெத்திலி மாங்காய்க் குழம்பை நீ அங்கே செய்து பார்த்ததாகவும் மாங்காய் கரைந்து குழம்பு கூழாகிவிட்டதாகவும் சொன்னாய். மாங்காயைக் கொட்டையோடு பெரிய துண்டுகளாகப் போடு. குழம்பு கொதித்து, நல்லெண்ணெய் மேலே மிதக்கத் தொடங்கிய பின்னரே போட வேண்டும். மாங்காயின் புளிப்பை நம்பி, வழக்கமாகக் கரைக்கும் புளியில் பாதியைக் குறைத்துவிடு. மாங்காய் முக்கால் பங்கு வெந்ததும் மீனைப் போட்டு, அதற்குப் பிறகு கரண்டியைத் தொடாமல் சட்டியின் கழுத்தைத் துணியால் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்று. நெத்திலிக்கு அந்த ஒரு கொதி போதும். மண்சட்டி இல்லையென்றால் வாங்காதே, இங்கிருந்தே பழக்கிய சட்டி ஒன்றைத் தருகிறேன். அன்றைக்குச் சோற்றோடு அளவாகச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலை இட்லிக்கென்று ஒதுக்கிவைப்பதில்தான் வீட்டுக்காரியின் சாமர்த்தியம் இருக்கிறது. அப்பா இரவே சட்டியைத் திறந்து பார்ப்பதைத் தடுக்க எனக்கு இன்றுவரை வழி தெரியவில்லை.

மற்ற நாட்களில் கேழ்வரகுக் கூழ், நீர்மோர், மோர் மிளகாய், சென்னாக்கூனி என்னும் பொடி இறால் போட்ட கத்திரிக்காய் என்று எளிமையாகவே ஓடும். நொய்யரிசி போட்டுக் காய்ச்சி, முந்தின இரவே கரைத்துப் புளிக்கவைத்த மாவைச் சேர்த்துக் கிண்டும் அந்தக் கூழைப் பெரியவன் சென்ற முறை முகம் சுளித்துக்கொண்டு குடித்தான். வயிறு குளிர்ந்ததும் இன்னொரு கிண்ணம் கேட்டான். நுங்கு, நன்னாரி சர்பத் எல்லாம் தெருமுனையிலேயே கிடைக்கும். மாம்பழத்தைப் பொறுத்தவரை, உங்கள் ஊர் அல்போன்சாவைப் பற்றி மாப்பிள்ளை பேசத் தொடங்கினால் நிறுத்துவதில்லை. நான் மறுத்துப் பேசமாட்டேன். ஆனால் மே நடுவில் பங்கனப்பள்ளி வண்டியில் வந்து குவியும். ஜூன் பிறந்தால் ருமானி வரும், அந்த மெல்லிய தோல் உருண்டைப் பழம் வேறெங்கே இந்தச் சுவையில் கிடைக்கிறது என்பதை அவரே சாப்பிட்டுவிட்டுச் சொல்லட்டும்.

தோட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். தோட்டம் என்பது பின்புறத்து முருங்கையும் கறிவேப்பிலையும், மாடியிலுள்ள தொட்டிகளும்தான் என்றாலும் உன் அப்பாவுக்கு ஓய்வுக்குப் பிறகு அதுதான் அலுவலகம். குண்டுமல்லியை டிசம்பரில் கவாத்து செய்து, பழைய இலைகளை உருவி, எருவிட்டு வைத்தோம். இப்போது துளிர்விட்டு முதல் மொட்டுகள் வரத் தொடங்கியிருக்கின்றன. வெயில் ஏற ஏறத்தான் மல்லி பூக்கும். மே மாதத்தில் மாலை நாலரை மணிக்கு மாடிக்குப் போனால் ஒரு கிண்ணம் நிறைய மொட்டு பறிக்கலாம். டிசம்பரில் வந்தால் வெட்டிவிட்ட குச்சிகளைத்தான் பார்ப்பாய். முருங்கையும் அப்படித்தான்: கோடையில் காய்த்துத் தொங்கும், மழைக்காலத்தில் அடிமரமெல்லாம் கம்பளிப்பூச்சி மொய்த்துப் பிள்ளைகளைப் பின்கட்டுக்கே அனுப்ப முடியாது. கறிவேப்பிலைக்குப் புளித்த மோரும், மீன் கழுவிய தண்ணீரும் ஊற்றுகிறேன்; செடி தழைத்துவிட்டது, கூடவே தெருவிலுள்ள பூனைகளும் நம் வீட்டில் உறுப்பினராகிவிட்டன. செம்பருத்தியில் மாவுப்பூச்சி விழுந்து, வேப்பெண்ணெயில் சோப்புக் கரைசல் கலந்து அடித்தோம், பாதி தேறியிருக்கிறது. கத்திரிக்கும் மிளகாய்க்கும் மேலே பச்சை நிழல்வலை கட்ட வேண்டும் என்று அப்பா அளவெடுத்து வைத்திருக்கிறார். உச்சிவெயிலைத் தவிர்த்து, தொட்டிக்குக் காலை ஏழுக்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும்தான் தண்ணீர் ஊற்றுகிறோம். அந்த வேலையைப் பெரியவனிடம் ஒப்படைக்கலாம். மெட்ரோ குடிநீர்க் குழாயில் தண்ணீர் குறைந்தால் அடிபம்பு இருக்கிறது, அதை அடிப்பது அவனுக்கு விளையாட்டாக இருக்கும்.

நான் மே மாதத்தை இவ்வளவு வற்புறுத்துவதற்குப் பெரிய காரணம், அது மாதா வணக்க மாதம் என்பதே. இப்போது தவக்காலம்; வெள்ளிதோறும் சிலுவைப் பாதை, வீட்டில் கவிச்சி இல்லை, கோயிலும் அடங்கியே இருக்கிறது. பாஸ்கா என்னும் உயிர்ப்புத் திருநாள் முடிந்து மே பிறந்துவிட்டால், நம் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியத்தில் மாதா சுரூபம் (சிலை) ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும். முந்தின வீட்டார் மெழுகுவர்த்தியோடு பாடிக்கொண்டே கொண்டுவந்து விடுவார்கள்; ஜெபமாலையும் மாதா மன்றாட்டு மாலையும் முடிந்ததும் சுண்டலும் பானகமும் கொடுப்பார்கள். ஜெபமாலையில் இயேசு, மாதா வாழ்க்கை நிகழ்ச்சிகளாகத் தியானிக்கும் மறையுண்மைகளில் திங்களும் சனியும் மகிழ்ச்சி, செவ்வாயும் வெள்ளியும் துயரம், புதனும் ஞாயிறும் மகிமை என்பது எங்கள் தலைமுறைக்கு நாக்கிலேயே இருக்கிறது. 2002-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வியாழனுக்குச் சேர்த்த ஒளியின் மறையுண்மைகளுக்குத்தான் எதிர் வீட்டு அக்கா இன்றும் புத்தகத்தைப் புரட்டுகிறார். ஜெபமாலையின் பத்து மணிகளுக்கு ஒரு பிள்ளையாகச் சொல்லச் சொல்வார்கள். பெரியவன் முதல் முறை நற்கருணை பெறும் புதுநன்மையை இங்கே வாங்கவில்லையே என்று எனக்கொரு குறை இருந்தது; அங்கே உங்கள் பங்கில் நன்றாகவே செய்தீர்கள், அதைப் பற்றி மறுபடியும் பேசப் போவதில்லை. ஆனால் ஆங்கிலத்தில் மனப்பாடமாய்ச் சொல்லும் அதே ஜெபத்தை, "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு மாலையாவது அவன் சொல்வதைக் கேட்க வேண்டும். சென்ற ஆண்டு நம் வீட்டு முறை வந்தபோது அந்தப் பத்து மணிகளைச் சொல்ல நம் வீட்டில் பிள்ளை இல்லாமல், பக்கத்து வீட்டுச் சிறுமியை அழைத்து நிறுத்தினேன். மே 31 அன்று மாதா எலிசபெத்தம்மாளைச் சந்தித்த திருநாளோடு வணக்க மாதம் நிறைவடையும். அன்று சப்பரத்துக்கு நம் மல்லியைத் தொடுத்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன், பூத்தொடுக்க உன் கையும் வேண்டும். ஜூன் 29-இல் இராயப்பர் (புனித பேதுரு) திருநாள் வரை இருக்கச் சொல்ல ஆசைதான். அதற்குள் பள்ளி திறந்துவிடும் என்பது எனக்கும் தெரியும்.

பயணத்துக்கு ஒன்றும் சிரமமில்லை. ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்னர்தான் திறக்கிறது. ஆகவே மே இரண்டாம் வாரத்துக்கான சீட்டை இந்த வாரமே பார்க்கத் தொடங்கினால்தான் கிடைக்கும். சென்ட்ரலில் இறங்கினால் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி நிற்க வேண்டாம். விம்கோ நகர் போகும் மெட்ரோவில் ஏறி வண்ணாரப்பேட்டையில் இறங்குங்கள். அப்பா அங்கே வந்து நிற்பார். கம்பளியும் தடித்த சட்டைகளும் எடுத்துவந்து பெட்டியைக் கனமாக்காதே. பிள்ளைகளுக்குக் கையில்லாத பருத்திச் சட்டைகளும், கோயிலுக்கு ஒரு நல்ல உடுப்பும் போதும். நான் கேட்பதெல்லாம் உங்கள் ஊர்க் கருப்புத் திராட்சை அரைக் கிலோ, உலர்ந்தது. கிறிஸ்துமஸ் கேக்குக்கு நீ வந்ததுமே ஊறவைக்க வேண்டும்.

அன்பியத்தில் எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று வரும் ஞாயிறு பூசைக்குப் பிறகு எழுதப் போகிறார்கள். மே 20-க்கு மேல் ஒரு சனிக்கிழமையை நம் வீட்டுக்குக் கேட்கலாம் என்று இருக்கிறேன். மாப்பிள்ளையும் இரண்டு நாள் விடுப்புப் போட்டு வந்துசேர வசதியாக இருக்கும். அவரிடம் கலந்து பேசிவிட்டுச் சனிக்கிழமை இரவுக்குள் அப்பாவுக்கு ஒரு வார்த்தை சொல்.

பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பான விசாரிப்பைத் தெரிவி.

உன் அன்பு அம்மா