கார்ட்டோலாவ கண்டுபிடிச்சது யாரு? மகனுக்கு ஒரு லெட்டர்

தம்பி,

நீ அனுப்புன, பிரேசில் நாட்டு சம்பா இசைப் பாடகர் கார்ட்டோலாவோட ஆல்பம் ரெண்டையும் கேட்டு முடிச்சுட்டேன்டா, 1974ல வந்தது, 1976ல வந்தது ரெண்டும். உங்கப்பா மூணாவது பாட்டுலயே தூங்கிட்டாரு. பாஷை ஒண்ணும் புரியல, நீ எழுதி அனுப்புன அர்த்தத்த பக்கத்துல வச்சுக்கிட்டுதான் கேட்டேன். பெரிய குரல்னு சொல்ல மாட்டேன், வயசான மனுஷன் திண்ணையில உக்காந்து நடந்தத சொல்ற மாதிரி பாடுறாரு, அழுகைப் பாட்டுலகூட அழ மாட்டேங்கறாரு, அதான் எனக்கு புடிச்சுது. சரி யாருதான் இவருன்னு படிக்க ஆரம்பிச்சேன். அங்கதான் கோவம் வந்துச்சு, அத சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

எதைத் தொறந்தாலும் ஒரே கதைதான். 1956ல ரியோவுல இபனேமா பக்கம் ராத்திரில கார் கழுவிக்கிட்டு இருந்தாராம், செர்ஜியோ போர்ட்டோன்னு ஒரு பத்திரிகைக்காரர் அடையாளம் கண்டுக்கிட்டாராம், செத்துட்டாருன்னு ஊரே நெனச்ச ஆள "கண்டுபிடிச்சாராம்". போர்ட்டோ நல்ல மனுஷன்தான், ரேடியோவுல பாட ஏற்பாடு பண்ணாரு, பேப்பர்ல எழுதுனாரு, நான் குறை சொல்லல. ஆனா அந்த ஆள் கார் கழுவுற அளவுக்காவது எந்திரிச்சு நிக்க யாரு காரணம்னு கேட்டா, அது ஒரு வரில முடிஞ்சு போகுது.

மொதல்ல இருந்து சொல்றேன். 1908ல ரியோவுலதான் பொறந்தாரு, கைல காசு இல்லாம குடும்பம் அதே ஊர்ல ஏழைங்க இருந்த மங்கேய்ரா குன்றுக்கு குடிபோகும்போது இவருக்கு 11 வயசு. சின்ன வயசுலயே அம்மா போயிட்டாங்க, அப்பாவோட ஒத்துப்போகல, வீட்ட விட்டு தொரத்திட்டாரு. கொத்தனார் வேலை, தலைல சிமெண்ட் விழக்கூடாதுன்னு ஒரு உருண்டைத் தொப்பி போட்டுக்கிட்டு திரிஞ்சதுலதான் கார்ட்டோலாங்கற பட்டப்பேரு, அவங்க பாஷைல அதுக்கு உசரத் தொப்பின்னு அர்த்தம். அனாதையா, நோயாளியா கெடந்தப்ப பக்கத்து வீட்டு தியோலிந்தா சோறு போட்டு பாத்துக்கிட்டாங்க, அவங்க வயசுல மூத்தவங்க, கல்யாணமாகி கொழந்தையும் இருந்துச்சு, புருஷன விட்டுட்டு இவரோட வந்துட்டாங்க. ஊர் என்ன பேசியிருக்கும்னு நீயே நெனச்சுக்க. துணி தொவைச்சு சமைச்சு குடும்பத்த ஓட்டுனது அவங்கதான், இவரு கிட்டாரும் கையுமா இருந்தாரு.

அந்த வீட்ல இருந்துக்கிட்டுதான் 1928ல நண்பர்களோட சேந்து மங்கேய்ரா சம்பா ஸ்கூல ஆரம்பிச்சாரு, ஸ்கூல்னா பள்ளிக்கூடம் இல்ல, கார்னிவல் ஊர்வலத்துல ஆடிப் பாடுற கோஷ்டி, நீ கார்னிவல்ல பாத்தேன்னு போட்டோ அனுப்புனியே, பச்சையும் ரோஸும், அந்த கலர் இவரு எடுத்ததுதான். சின்ன வயசுல ரியோவுலயே லாரஞ்செய்ராஸ்ங்கற பகுதில இருந்தப்ப அங்க இருந்த ஒரு கார்னிவல் கோஷ்டியோட கலராம் அது. கொஞ்ச நாள்லயே கீழ ஊர்ல இருந்து பெரிய பாடகருங்களுக்காக பாட்டு வாங்க ஆள் வர ஆரம்பிச்சுது, பாட்ட போய் யாராவது காசு குடுத்து வாங்குவாங்களான்னு இவருக்கே ஆச்சரியம், 300 மில்ரேய்ஸுக்கு (அந்தக் காலத்து பிரேசில் காசு) ஒண்ண குடுத்தாரு, அத 1929ல பிரான்சிஸ்கோ ஆல்வெஸ் ரெக்கார்ட் பண்ணாரு. 1940ல அமெரிக்கால இருந்து ஸ்டோகோவ்ஸ்கின்னு பெரிய ஆர்கெஸ்ட்ரா கண்டக்டர் கப்பல்ல வந்தப்ப, பிரேசில் இசையமைப்பாளர் வில்லா லோபோஸ் கூட்டிட்டுப் போன ஆளுங்கள்ல இவரும் ஒருத்தர், கப்பலுக்குள்ளயே ரெக்கார்டிங். அப்ப 1956ல புதுசா என்னத்த கண்டுபிடிச்சாங்க சொல்லு?

அப்புறம் மூளைக்காய்ச்சல் வந்து படுத்துட்டாரு, தியோலிந்தாவும் செத்துப்போனாங்க, மனுஷன் குன்ற விட்டே காணாம போயிட்டாரு. குடி, வேலையில்ல. அந்த நெலமைல இருந்து அவர தேடிப் புடிச்சு மங்கேய்ராவுக்கு திரும்ப கூட்டிட்டு வந்தது ஜிகா. இவரோட பழைய கூட்டாளி கார்லோஸ் கஷாசாவோட மச்சினி, விதவை, புள்ளைங்க இருக்கு, கையில ஒண்ணுமில்ல, அதோட இந்த ஆளையும் தூக்கி நிறுத்துனாங்க. இதெல்லாம் 1950கள் தொடக்கத்துலயே முடிஞ்ச விஷயம், போர்ட்டோ வர்றதுக்கு பல வருஷம் முன்னாடி. இத ஏன்டா யாரும் தலைப்புல போட மாட்டேங்கறாங்க?

ஜிகாவோட கைப்பக்குவத்த நம்பி 1963ல ரியோ நடுவுல கரியோக்கா தெருவுல ஹோட்டல் ஒண்ணு தொறந்தாங்க, ரெண்டு பேர் பேரையும் சேத்து ஜிகார்ட்டோலா. அவங்க சமைப்பாங்க, இவரு பாடுவாரு, மேல்தட்டு பசங்க, காலேஜ் பசங்க, குன்றுல இருந்து வந்த சம்பாக்காரங்க எல்லாரும் ஒரே மேசைல. நாரா லியாவ்னு ஒரு பாடகி அடுத்த வருஷமே இவரு பாட்ட தன்னோட மொத ஆல்பத்துல பாடிட்டாங்க. அப்ப பேங்க்ல வேலை பாத்துக்கிட்டு இருந்த, பின்னாடி பெரிய சம்பா பாடகரான பவுலினியோ டா வியோலாவுக்கு பாடுனதுக்குன்னு மொத மொதல்ல காசு கெடச்சதே இங்கதான், குடுத்தது கார்ட்டோலா. ஆனா கணக்கு வழக்கு ரெண்டு பேருக்குமே வராது போல, 1965ல மூடியாச்சு. அதுக்கு நடுவுல 1964ல முறைப்படி கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, அதுக்கு பேப்பர் எடுக்கப் போன எடத்துலதான் தன் நெஜப் பேரு அஜெனோர் இல்ல, ரெஜிஸ்டர்ல அஞ்செனோர்னு எழுதியிருக்குன்னே அவருக்கு தெரிஞ்சுதாம். இத்தனை வருஷம் கழிச்சு! மொத ஆல்பம் வரும்போது 65 வயசு, 1980ல புற்றுநோய்ல போயிட்டாரு, கையில கெடச்சது ஆறே வருஷம்.

இப்ப பாட்டுக்கு வர்றேன். உலகம் ஒரு மாவு மில்லுன்னு ஒரு பாட்டு இருக்கே, நீ ரொம்ப புடிக்கும்னு சொன்னது, வீட்ட விட்டு கெளம்புற பொண்ணுகிட்ட சொல்ற மாதிரி. வளர்ப்பு மகளுக்கு எழுதுனதுன்னு ஒரு கதை சுத்துது, நான் அத அவ்ளோ நம்பல. மெட்டு அருமை, ஆனா சங்கதி எனக்கு ஒத்துக்கல தம்பி. கெளம்புற புள்ளைய நிறுத்தி, ஒன் கனவ எல்லாம் இந்த உலகம் அரைச்சு தூளாக்கிரும், நீயே தோண்டுன பள்ளத்து ஓரத்துல போய் நிப்பன்னு சொல்றதா? பயம் எனக்கும் இருந்துச்சு, நீ சாவோ பாலோ வேலைக்கு சரின்னு சொன்னப்ப ராத்திரி தூக்கமே வரல, ஆனா வாசல்ல நின்னு அத பாடுவேனா?

அத விட "ஆமா, இருந்துச்சு"ன்னு வர்ற பாட்டுதான் எனக்கு. உனக்கு முன்னாடி இன்னொருத்தி இருந்தா, ஆமா, பெரிய காதல்தான், அங்கயும் சந்தோஷமாத்தான் இருந்தேன்னு சொல்லிட்டு, ஒப்பிட்டு பேசுனா ஒனக்கு வலிக்கும், அதனால வாய மூடிக்கறேன்னு முடிக்கிறாரு. எல்லாத்தையும் சொல்லிட்டு அப்புறம் என்னத்த மூடறது! அது தியோலிந்தாதான்னு நானா நெனச்சுக்கிட்டேன், யாரும் சொல்லல. ஆனா ரெண்டு பொம்பளைங்களுக்கும் சேத்து ஒரே பாட்டுல நன்றி சொன்ன மாதிரி எனக்கு பட்டுச்சு, சிரிப்பும் வந்துச்சு, கண்ணுல தண்ணியும் வந்துச்சு.

லீவு கெடச்சா ரியோ போ, மங்கேய்ரால சம்பா மியூசியம் ஒண்ணு இருக்காம், அவங்க பேரப்புள்ளைங்க ஆரம்பிச்சது. தனியா போகாத, அங்க வேலை பாக்குற ஃப்ரெண்டு யாரையாவது கூட்டிட்டு போ. நீ அங்க பன்னிக்கறி போட்ட பீன்ஸ் சாப்பிடறத உங்கப்பாகிட்ட இன்னும் சொல்லல. அந்த "ஆமா, இருந்துச்சு" பாட்ட கேட்டுட்டு ஜிகா என்ன சொன்னாங்கன்னு அங்க யாருக்காவது தெரிஞ்சா கேட்டுட்டு வந்து ஞாயித்துக்கெழமை போன்ல சொல்லு.

அம்மா