பெங்களூர் அல்சூர் வீட்டுக்கார அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணே,

உங்கள் சாமர்த்தியத்தைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து மாத அட்வான்ஸை எண்ணி வாங்கும்போதே "நம்ம ஊர்க்காரங்கன்னுதான் தர்றேன்" என்றீர்கள், ஆம்பூர் என்றதும் என் வீட்டில் உருகிவிட்டார்கள். 11 மாத அக்ரிமெண்ட் உங்கள் கண்டுபிடிப்பு இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் போனால் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908 சட்டம் சொல்வதால் ஊரே அப்படித்தான் எழுதுகிறது. வருஷத்துக்கு 5 சதவீதம் என்று வாயால் சொல்லிவிட்டு, 11 மாதத்துக்கு ஒரு தடவை ஏற்றிக்கொண்டீர்களே, அது உங்கள் சொந்தச் சரக்கு.

காலி செய்தபோது பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்தீர்கள். குடியிருப்பதால் வரும் சாதாரணத் தேய்மானம் வாடகைக்காரர் தலையில் விழாது என்று 1882-லேயே சட்டம் இருக்கிறது, இருந்தாலும் பெங்களூர் வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன். இப்போது அங்கே குடிவந்திருக்கும் பையன் என் ஆபீஸ்காரன் (தெரிந்திருந்தால் வீடு கொடுத்திருப்பீர்களா?). அவன் அனுப்பிய போட்டோவில் வாசலைப் பார்த்த சுவர் மட்டும் மின்னுகிறது. பெட்ரூம் கதவுக்குப் பின்னால் என் மகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் அப்படியே இருக்கின்றன.

சரி, அது போகட்டும். கரண்ட் விஷயத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. 2023 ஆகஸ்ட்டில் கர்நாடக அரசின் கிருஹஜோதி திட்டம் வந்து வீடுகளுக்கு மாதம் 200 யூனிட் வரை கரண்ட் இலவசம் ஆனபோது, "அது சொந்த வீட்டுக்காரங்களுக்கு மட்டும்தாம்பா" என்றீர்கள். வாடகைக்காரருக்கும் உண்டு அண்ணே! எங்கள் மீட்டரை உங்கள் பெயரில் பதிந்துவிட்டு, முதல் தேதியானால் மாடியேறி வந்து, நீங்களே துண்டுச் சீட்டில் எழுதிய தொகையை வாங்கிக்கொண்டு போனீர்கள். ஒருநாள் நீங்கள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் மீட்டர் ரீடர் வந்தார், பில் என் கைக்கு வந்தது. கட்ட வேண்டிய தொகை பூஜ்ஜியம். அடுத்த மாதம் பில்லைக் காட்டுங்கள் என்று கேட்டதும், "என் பொண்ணு குடிவர்றா, வீடு வேணும்" என்றீர்கள். பொண்ணு இன்னும் வரவில்லை போலிருக்கிறது.

பெயிண்ட் காசை நான் கேட்கப்போவதில்லை. அன்றைக்கு அந்தப் பில்லைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன், அதிலிருக்கும் கணக்கு எண்ணைப் பையனுக்கு அனுப்பிவிட்டேன். இனி மாதாமாதம் நீங்கள் மாடியேறுவதற்குள் அவன் போனில் பில்லைப் பார்த்திருப்பான்.