வாய்ப்புண் எல்லாம் வைட்டமின் குறைவு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாயில் புண் என்றவுடன் வைட்டமின் குறைவு என்று முடிவு கட்டிவிடுகிறோம். என் தாயாரும் அப்படித்தான் ஐந்து மாதங்கள் பி காம்ப்ளக்ஸ் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார். கன்னத்தின் உட்புறமும் அண்ணமும் உரிந்து ரணமாகி, தண்ணீர் குடிக்கவே அஞ்சிய நிலையில்தான் அது பெம்பிகஸ் வல்காரிஸ் என்று தெரியவந்தது.

செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் டெஸ்மோகிளின் என்ற புரதத்தை உடலின் நோய் எதிர்ப்பாற்றலே பகையாகக் கருதித் தாக்குவதால் வரும் நோய் இது; பிறருக்குத் தொற்றாது. பெரும்பாலும் முதலில் வாயில்தான் தோன்றும். தோலில் கொப்புளம் எழப் பல மாதங்கள்கூட ஆகலாம். வாய்க்குள் எழும் கொப்புளமோ மிக மெல்லியது என்பதால், யார் கண்ணிலும் படாமல் உடைந்து, ஒழுங்கற்ற ஓரங்கள் கொண்ட பச்சைப் புண்ணை மட்டும் விட்டுச் செல்கிறது. சாதாரண வாய்ப்புண் சிறிதாக, வட்டமாக இருக்கும். ஏறத்தாழ 2 வாரங்களில் ஆறிவிடும். அதற்குப் பின்னும் ஆறாமல் புதிய இடங்களில் பரவும் புண்ணுக்குத் திசுப் பரிசோதனை அவசியம்.

இதில் பல் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். புண்ணின் ஓரத்திலிருந்து ஒரு துண்டும், நோய் எதிர்ப்புப் புரதங்கள் திசுவில் படிந்துள்ளனவா என்று ஒளிரும் சாயத்தால் கண்டறியும் இம்யூனோஃபுளோரசன்ஸ் சோதனைக்காக அருகிலுள்ள, பார்வைக்கு நலமாகத் தெரியும் பகுதியிலிருந்து இன்னொன்றும் எடுக்க வேண்டும். இரண்டாவதை, திசுவைப் பதப்படுத்தும் திரவமான ஃபார்மலினில் இடக் கூடாது; இட்டால் அந்தச் சோதனைக்கு உதவாது. என் தாயாருக்கு இரண்டையும் ஃபார்மலினில் இட்டுவிட்டதால், புண்பட்ட வாயில் மறுமுறை கத்தி வைக்க நேர்ந்தது.

சிகிச்சை ஸ்டீராய்டு, ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகளால் நடக்கிறது என்றாலும் வாய்ப் பராமரிப்பும் அதில் ஒரு பாதி என்பேன். வலிக்கு அஞ்சிப் பல் துலக்குவதை நிறுத்தினால், ஈறில் அழுக்குப் படிந்து வீக்கம் கூடும். மிக மென்மையான தூரிகை, நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் இல்லாத பற்பசை, ஆல்கஹால் கலவாத வாய் கொப்பளிக்கும் திரவம் ஆகியவை அவருக்கு ஏற்றவையாக இருந்தன. காரம், புளிப்பு, சூடு, மொறுமொறுப்பு நான்கையும் தவிர்த்தோம். சிகிச்சைக்கிடையே வெண்படலம் படிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். தனியே மருந்து வேண்டும். புண் ஆறத் தொடங்கியதும் ஸ்டீராய்டைத் தாமாகவே நிறுத்துவது பேராபத்து. நோய் திரும்புவதோடு, உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டை இயல்பாகச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியும் மருந்தின் காரணமாகச் செயல் குன்றியிருக்கும். அளவை மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்