ஜோடியாக வாங்கு

காரைக்குடி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. ஆச்சிக்கு மூட்டு வலி குறைந்து கோயிலுக்கு நடந்தே போய்வருகிறார் என்று படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே மேல்மாடி ஒழுக்கை ஒருவழியாக அடைத்தாயிற்று. பங்காளிகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள்.

பேத்திக்கு ஃபிஞ்ச் குருவி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக வாங்கு. ஆனால் கிளி மாதிரி அது கையில் வந்து உட்காராது என்று அவளிடம் முதலிலேயே சொல்லிவிடு. பிடித்தாலே நடுங்கிப்போகும். பார்த்தும் கேட்டும் மகிழ வேண்டிய குருவி அது.

எங்கள் வளவில் இருப்பது ஜீப்ரா ஃபிஞ்ச். ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளில் கூட்டமாகத் திரிகிற இனம், ஒற்றையாக விட்டால் ஏங்கிவிடும். அதனால் ஜோடியாகவே வாங்கு. ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு இருக்கும், அலகும் நல்ல சிவப்பு. பாடுவது அதுதான். தகப்பன் பாடுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் ஆண் குஞ்சு பாட்டுப் படிக்கிறது. காலையில் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டபடியே உட்கார்ந்திருக்கிறேன், மாப்பிள்ளை. அவ்வளவு இதமாக இருக்கிறது.

கூண்டு உயரமாக இருப்பதைவிட நீளமாக இருக்கட்டும், இவை பக்கவாட்டில்தான் பறக்கும். முற்றத்தில் உச்சி வெயில் நேரே இறங்கும், பூனையும் வரும். முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரப் பத்தியில் சுவரை ஒட்டி உயரத்தில் வை. சமையல் நடக்கிற இரண்டாங்கட்டுப் பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். நான்ஸ்டிக் சட்டி அளவு மீறிக் காய்ந்து கிளம்பும் புகை ஒன்றே குருவியைக் கொன்றுவிடும்.

தீனிக்குத் தினையும் சாமையும், அவ்வப்போது கொஞ்சம் கீரை. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை, அதாவது கணவாய் ஓடு, கிடைக்கும், ஒரு துண்டைக் கூண்டில் செருகிவிடு. சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் பெட்டைக்கு முட்டை சிக்கி உயிருக்கே ஆபத்து. குளிக்கத் தட்டில் தண்ணீர் வை, பேத்திக்குப் பெரிய வேடிக்கை அதுதான். குஞ்சு வேண்டாமென்றால் கூடு வைக்காதே. வைத்தால் நாலைந்து முட்டை இட்டுவிடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்து இரண்டு வாரத்தில் பொரித்துவிடும்.

சந்தையில் பச்சை, ரோஸ் என்று சாயம் பூசிய குருவிகளைக் கொண்டுவருவார்கள். பல நேரம் அவை நம் தோட்டத்துப் புல்லில் தானியம் பொறுக்குகிற சில்லைகள்தான். வலைபோட்டுப் பிடித்தவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். சட்டம் கிடக்கட்டும், வானத்தில் பிறந்ததைக் கூண்டில் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. வளர்ப்பில் பிறந்த ஃபிஞ்சாகக் கேட்டு வாங்கு.

எப்போது வாங்கப் போகிறாய் என்று எழுது, நானும் வருகிறேன். இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருப்பது சீக்குக் குருவி. அதை உன் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்