தரங்கம்பாடி சுற்றுலா ஒலிப்பதிவு குறித்து இரண்டாம் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஒருநாள் சுற்றுலாவில் தரப்பட்ட ஆங்கில ஒலிப்பதிவில் உள்ள பிழைகள்

ஐயா,

என் முதல் கடிதத்துக்கு, 'தங்கள் மத உணர்வு புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்' என்று பதில் அனுப்பியிருக்கிறீர்கள். என் மத உணர்வுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் நான்கு தலைமுறையாக லுத்தரன் கிறிஸ்தவ சபைக்காரர்கள். தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் ஐயரின் பெயரை மரியாதையோடு சொல்லும் வீட்டில் வளர்ந்தவள் நான். காசு கொடுத்து வாங்கிய பொருள் பழுது என்பதுதான் என் புகார்.

போன மாதம் நானும் கணவரும், ஜெர்மனியிலிருந்து வந்திருந்த அண்ணன் பிள்ளைகள் இருவரும் உங்கள் வேனில் வந்தோம். (வேனையும் மதியச் சாப்பாட்டையும் குறை சொல்ல மாட்டேன்.) பிள்ளைகளுக்குத் தமிழ் தடுமாறும் என்பதால் ஆங்கில ஹெட்போன் எடுத்தார்கள், எங்களுக்குத் தமிழ். தலைக்கு 300 ரூபாய். புதிய எருசலேம் ஆலயத்தில் நிற்கும்போது சின்னவள் கேட்டாள்: "அத்தை, சீகன்பால்க் வர்றதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்களுக்கு எழுதவே தெரியாதா?"

அவள் ஹெட்போனை வாங்கிக் கேட்டேன். இருளில் கிடந்த, எழுத்தறியாத மக்களுக்கு எழுத்தையும் முதல் அச்சுப் புத்தகத்தையும் கொடுத்தவர் அவர் என்கிறது ஆங்கிலம். அதே இடத்தில் என் தமிழ்ப் பதிவு, தமிழின் இனிமையில் மயங்கியவர் என்று உருகுகிறது. ஆளைப் பார்த்துக் கதையா?

எழுத்தே இல்லாத ஊரில் அவர் தமிழ் கற்றது எப்படி? 1706 ஜூலையில் வந்திறங்கியவர், உள்ளூர் வாத்தியாரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார். 1708க்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைச் சேர்த்துப் பட்டியலே போட்டுவிட்டார். தமிழ் அச்சோ அவருக்கு முன்பே வந்துவிட்டது. 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது, அதுவும் ஒரு பாதிரியார் செய்ததுதான். தமிழில் முதல் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தது சீகன்பால்கின் உண்மையான பெருமை. அதைச் சொன்னாலே போதுமே!

இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. தமிழர்களை நாகரிகமற்றவர்கள் என்று ஐரோப்பாவில் நினைப்பது, மொழி தெரியாமல் இங்கு வந்து போனவர்கள் சொன்னதால் வந்த வினை என்று அவரே எழுதினார். 1713இல் நம் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலும் எழுதி அனுப்பினார். ஜெர்மனியின் ஹாலே நகரில் மிஷனுக்கு மேலிடமாக இருந்த பிராங்கே அதை அச்சிட மறுத்தார். புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பிய ஆள், அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் வாதம். நூல் வெளிவர 1867 ஆனது. இங்கே பார்த்தது ஒன்று, அங்கே காட்டியது வேறு. உங்கள் இரண்டு ஹெட்போன்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

டேன்ஸ்பர்க் கோட்டையில் நாற்பது நிமிடம் நிறுத்தினீர்கள். டென்மார்க் மன்னர் அனுப்பிய அதே மனிதரை, அப்போது ஊரை ஆண்ட டேனிஷ் வணிகக் கம்பெனியின் தளபதி இங்கேதான் நான்கு மாதம் சிறை வைத்தார் என்று எந்த மொழியிலும் ஒரு வார்த்தை இல்லை. மிஷனும் கம்பெனியும் எப்போதும் கைகோத்து நடந்ததாக நினைத்துக்கொண்டுதான் பிள்ளைகள் வேனில் ஏறினார்கள்.

அப்புறம், 1712 முதல் 1714 வரை மிஷனரிகளின் கேள்விகளுக்குத் தமிழர் எழுதிய பதில் கடிதங்கள் ஜெர்மன் மொழியில் அச்சாகியிருக்கின்றன. இந்த ஐரோப்பியர் மாட்டைத் தின்கிறார்கள், குடிக்கிறார்கள், கால் கழுவுவதுகூட இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். 'எழுத்தறியாத மக்கள்' எழுதியவை! வேனில் இதைச் சொன்னபோது சின்னவள் சிரித்த சிரிப்புக்காவது பதிவில் சேர்க்கலாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஆங்கிலப் பதிவை விஷயம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் திருத்துங்கள். திருத்தும்வரை அதை வாடகைக்கு விடாதீர்கள். இரண்டு ஆங்கில ஹெட்போனுக்கான 600 ரூபாயைத் திருப்பித் தாருங்கள், தமிழுக்குக் கொடுத்தது இருக்கட்டும். 15 நாளில் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 'உணர்வு புண்பட்டது' என்று மறுபடியும் எழுத வேண்டாம்.

ரசீது நகலை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்